கிரிட் சிமுலேட்டர் முரண்டு பிடித்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நூறு கணினிகளை ஊருக்கு ஊர் வைத்து, கேபிள் இழுத்து, ஒரே வேலையைப் பங்கு போட்டுச் செய்யவைக்கும் அமைப்புக்குக் கிரிட் என்று பெயர். அதைக் கட்டிப் பார்க்கும் வசதி நம் கல்லூரிகளில் இல்லை. பிரான்சில் கிரிட்-5000 என்ற பெரிய சோதனைக் களமே இதற்காக இருக்கிறது. ஊட்டியில் நமக்கு இருப்பது ஓர் ஆய்வகம், எட்டு ஜிபி நினைவகம் கொண்ட சில கணினிகள், ஆடி மாதக் காற்றில் போய்ப் போய் வரும் மின்சாரம். அதனால்தான் சிமுலேஷன்: கிரிட்டை ஒரே கணினிக்குள் பாவனையாக ஓட்டிப் பார்ப்பது. முதுகலை மாணவர்களின் செயல்திட்டங்களில் ஆண்டுதோறும் ஒரே மாதிரிக் கோளாறுகள் வருவதால், அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதிவைக்கிறேன்.

இரண்டு கருவிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒன்று கிரிட்சிம்: ராஜ்குமார் புய்யாவும் மன்சூர் முர்ஷெத்தும் 2002-இல் கட்டுரையாக வெளியிட்டது, ஜாவாவில் எழுதப்பட்டது. மற்றொன்று சிம்கிரிட்: ஹென்றி கசனோவா 2001-இல் அறிமுகப்படுத்தி, பின்னர் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்தது, சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்டது. பெயரைத் திருப்பிப் போட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடும் என்பதால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. உதவி கேட்கும்போது எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்று முதலில் சொல்லுங்கள். பாதி நேரம் மிச்சமாகும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனை கிரிட்டை வைத்துக்கொள்வோம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய நான்கு இடங்களிலும் கணினிக் கூட்டங்கள். அடிவாரம் தாண்டி கோயம்புத்தூரில் மையச் சேமிப்பகம். இப்படியொரு கிரிட் நீலகிரியில் இல்லை. பயிற்சிக்கு இது போதும்.

அறிகுறி: தொடங்கவே மறுக்கிறது

இது நல்ல கோளாறு. கத்திச் சொல்லிவிட்டு நிற்கிறது.

கிரிட்சிம்மில் ஏதோ ஒரு வகுப்பு கிடைக்கவில்லை என்று ஜாவா புலம்பினால், சிம்ஜாவாவின் ஜார் கோப்பை (ஜாவா வகுப்புகளின் தொகுப்பை) விட்டிருக்கலாம். பழைய கிரிட்சிம் பதிப்புகள் தனியாக ஓடாது. எடின்பரோவில் உருவான சிம்ஜாவா என்ற நிகழ்வுப் பொறியின் மேல்தான் அவை உட்கார்ந்திருக்கின்றன. சிம்ஜாவா தனி ஜாராக வரும் பதிப்பு என்றால் இரண்டு ஜார்களையும் வகுப்புப் பாதையில் கொடுங்கள். விண்டோஸில் அவற்றைப் பிரிப்பது அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி. வீட்டில் விண்டோஸில் ஓடியது ஆய்வகத்து லினக்ஸில் ஓடவில்லை என்றால், முதலில் இதைப் பாருங்கள்.

சிம்கிரிட்டில் பிளாட்பார்ம் கோப்பை (கணினிகளையும் இணைப்புகளையும் விவரிக்கும் கோப்பை) படிக்கும்போதே நின்றுவிட்டால், அந்தக் கோப்பு யாருடைய பழைய ஆய்வேட்டிலிருந்து வந்தது என்று கேட்பேன். பழைய எக்ஸ்எம்எல் வடிவத்தில் கணினியின் வேகத்துக்கு 'பவர்' என்ற பண்பு இருந்தது. பின்னர் அது 'ஸ்பீட்' ஆனது. 'ஏஎஸ்' என்ற குறிச்சொல் 'ஸோன்' ஆனது. கையால் திருத்த வேண்டாம். கோப்பைப் புது வடிவத்துக்கு மாற்றும் சிறு கருவி ஒன்று சிம்கிரிட்டோடே வருகிறது. அதை ஒருமுறை ஓட்டினால் போதும்.

கோப்பு படிக்கப்பட்டு, பிறகு இரண்டு கணினிகளுக்கு இடையே வழி இல்லை என்று நின்றால், முழு வழித்தட முறையைத் தேர்ந்துவிட்டு எல்லா இணைகளுக்கும் வழி எழுதவில்லை என்று பொருள். ஊட்டியிலிருந்து குன்னூருக்கு வழி இருக்கிறது, குன்னூரிலிருந்து கோயம்புத்தூருக்கும் வழி இருக்கிறது. ஆகவே ஊட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கும் போகலாம் என்று அந்த முறை தானாக ஊகிக்காது. ஊகிக்க வேண்டுமென்றால், குறுகிய வழியைத் தானே கணக்கிடும் டைக்ஸ்ட்ரா அல்லது ஃபிளாய்ட் முறைக்கு மாறுங்கள். ஐந்நூறு கணினிகளுக்கு முழு முறையில் எழுத முயல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒவ்வோர் இணைக்கும் ஒரு வரி என்றால் ஒரு லட்சத்து இருபதாயிரம் வரிகளைத் தாண்டும். ஒரே வகைக் கணினிகளைக் 'கிளஸ்டர்' குறிச்சொல்லால் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

அறிகுறி: ஓடுகிறது, முடிவதே இல்லை

கிரிட்சிம்மில் இதற்கு இரண்டு முகங்கள் உண்டு.

திரையில் வளங்களின் (பணிகளை ஏற்கும் கணினிக் கூட்டங்களின்) பட்டியலுக்குக் காத்திருக்கிறேன் என்ற வரி மட்டும் ஓயாமல் ஓடுகிறதா? எடுத்துக்காட்டு நிரலை நகலெடுத்திருக்கிறீர்கள். வளங்கள் எல்லாம் தகவல் சேவையில் பதிந்து முடிக்கும்வரை பயனர் நிரல் ஒவ்வொரு விநாடியாகக் காத்திருக்கும். எத்தனை வளங்கள் வர வேண்டும் என்ற எண்ணிக்கையை நீங்கள்தான் கொடுத்திருப்பீர்கள். கூடலூரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு எண்ணிக்கையை நான்காகவே விட்டிருந்தால், வராத கூடலூருக்காக அது காலமெல்லாம் காத்திருக்கும்.

பணிகள் எல்லாம் முடிந்து விடையும் அச்சாகிவிட்டது, ஆனால் நிரல் மூடவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். தொடக்கத்தில் கிரிட்சிம்முக்குப் பயனர் எண்ணிக்கையைச் சொல்லியிருப்பீர்கள். அத்தனை பயனர்களும் விடைபெற்றுச் சென்றால்தான் கடையடைப்பு. மூன்று என்று சொல்லி இரண்டு பேரை மட்டும் உருவாக்கியிருந்தால் அது நடக்காது. இன்னொன்று, ஒவ்வொரு பயனர் நிரலின் கடைசியிலும் புள்ளிவிவரப் பிரிவையும், பயனரையும், உள்ளீடு வெளியீட்டுப் பிரிவுகளையும் மூடும் மூன்று அழைப்புகள் இருக்க வேண்டும். பிழை ஏற்பட்டு நிரல் நடுவில் வெளியேறும் கிளையில் இந்த மூன்றையும் மறப்பதுதான் வழக்கம். நேர்வழியில் ஓடும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஒரு பணி தோற்கும் நாளில் மட்டும் தொங்கும்.

சிம்கிரிட் இந்த விஷயத்தில் கண்ணியமானது. இனி எதுவும் நகரப்போவதில்லை என்று தெரிந்தவுடன் முட்டுக்கட்டை என்று அறிவித்து, எந்த நடிகர் (சிமுலேஷனுக்குள் ஓடும் ஒவ்வொரு செயலுக்கும் சிம்கிரிட் வைத்த பெயர்) எந்தக் கணினியில் எதற்காகக் காத்து நிற்கிறார் என்ற பட்டியலையும் தருகிறது. மாணவர்கள் முதல் வரியைப் படித்துவிட்டுப் பயந்துபோய் அந்தப் பட்டியலைப் படிப்பதே இல்லை. விடை அதில்தான் இருக்கிறது.

பெரும்பாலும் காரணம் அஞ்சல் பெட்டியின் பெயர். சிம்கிரிட்டில் ஒரு நடிகர் இன்னொருவருக்கு நேராக அனுப்புவதில்லை. பெயரிட்ட பெட்டியில் போடுகிறார், மற்றவர் அதே பெயருள்ள பெட்டியிலிருந்து எடுக்கிறார். அப்படிப் பெயருள்ள பெட்டி இல்லையென்றால் பிழை வராது, அந்த நொடியே புதிதாக ஒன்று உருவாகிவிடும். அனுப்புகிறவர் குன்னூர்-3 என்று இடைக்கோடு போட்டு எழுதியிருக்கிறார், பெறுகிறவர் குன்னூர்_3 என்று அடிக்கோடு போட்டுக் காத்திருக்கிறார். இரண்டு பெட்டிகள், இரண்டு பக்கமும் பொறுமைசாலிகள். பெட்டிப் பெயரை ஓரிடத்தில் மட்டும் உருவாக்கும் ஒரு செயற்கூறு எழுதி, இரு பக்கமும் அதையே அழையுங்கள்.

வேலை எல்லாம் உண்மையிலேயே முடிந்தும் முட்டுக்கட்டை என்று சொன்னால், முடிவில்லாத வளையத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும் சேவை நடிகர் ஒருவர் மிச்சமிருக்கிறார். அவரை டீமன் என்று அறிவித்துவிட்டால், மற்றவர்கள் போனதும் அவரும் போய்விடுவார்.

அறிகுறி: நினைவகம் போதவில்லை

ஜாவா நினைவகம் இல்லை என்று சொன்னவுடன் குவியலின் (நிரலின் தரவுக்கு ஜாவா ஒதுக்கும் நினைவகத்தின்) அளவைக் கூட்டுவது எல்லோருக்கும் கை வந்த பழக்கம். செய்தியை முழுதாகப் படியுங்கள். புதிய த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் செயல் இழை) உருவாக்க முடியவில்லை என்று இருந்தால், குவியலைக் கூட்டுவது நோயைக் கூட்டும் மருந்து. சிம்ஜாவாவின் மேல் நிற்கும் பதிப்புகளில் ஒவ்வொரு பிரிவும் தனி த்ரெட்; பயனர் ஒருவரை உருவாக்கினால் அவருக்கான உள்ளீட்டுப் பிரிவும் வெளியீட்டுப் பிரிவும் சேர்ந்தே பிறக்கின்றன. ஆயிரம் பயனர் என்றால் குறைந்தது மூவாயிரம் த்ரெட். ஒவ்வொரு த்ரெட்டும் தன் செயற்கூறு அழைப்புகளை வைக்கும் அடுக்கு, குவியலுக்கு வெளியே இடம் பிடிப்பது. எட்டு ஜிபி கணினியில் குவியலுக்கு ஆறு ஜிபி கொடுத்துவிட்டால் இவற்றுக்கு எங்கே இடம்? அடுக்கின் அளவைக் குறையுங்கள். இயங்குதளம் ஒரு பயனருக்கு வைத்திருக்கும் த்ரெட் வரம்பையும் பாருங்கள். இரண்டையும்விட நல்ல வழி, ஆயிரம் பேரின் பணிகளை நேரப்படி அனுப்பும் பத்துப் பயனர் பிரிவுகளை வைத்துக்கொள்வது. ஆய்வுக் கேள்வி பணிகளைப் பற்றியது என்றால் ஆட்களின் தலை எண்ணிக்கை தேவையே இல்லை.

சிம்கிரிட் இதைவிட வெகு தூரம் தாங்கும். பல்லாயிரம் நடிகர்களைத் தாண்டும்போது மட்டும் இரண்டு சுவர்கள் வரும். ஒரு நடிகரின் அடுக்குக்கு இயல்பாக எட்டு எம்பி முகவரி வெளி ஒதுக்கப்படுகிறது. நிரல் எளியது என்றால் சில நூறு கேபி போதும், அமைப்பில் குறைத்துவிடலாம். அடுத்தது லினக்ஸின் வரம்பு: ஒரு செயல்முறைக்கு 65530 நினைவகப் பிரிவுகள்தான். ஒவ்வோர் அடுக்குக்கும், அது வழிவதைக் கண்டுபிடிக்கும் காவல் பக்கம் ஒன்று சேர்வதால் முப்பதாயிரம் நடிகர்களை ஒட்டியே முட்டும். வரம்பை உயர்த்த நிர்வாகி உரிமை வேண்டும். அது கிடைக்காவிட்டால் காவல் பக்கத்தை அணைக்கலாம். அணைத்தபின் அடுக்கு நிரம்பி வழிந்தால் எச்சரிக்கை வராது என்பதை நினைவில் வையுங்கள்.

அறிகுறி: நிரல் ஐந்து நிமிடம் ஓடியது, சிமுலேஷன் கடிகாரம் பூஜ்யத்திலேயே நிற்கிறது

அணி (மேட்ரிக்ஸ்) ஒன்றை உண்மையாகவே பெருக்கியிருக்கிறீர்கள். சிமுலேட்டருக்கு உங்கள் வளையம் கண்ணில் படாது. எவ்வளவு வேலை என்று நீங்கள் சொன்னால்தான் கடிகாரம் நகரும்: சிம்கிரிட்டில் இத்தனை ஃபிளாப் (தசம எண் கணக்கீடு), கிரிட்சிம்மில் இத்தனை மில்லியன் கட்டளைகள். எம்பிஐ நிரலை (பல கணினிகள் செய்தி பரிமாறி ஓடும் நிரலை) அப்படியே ஓட்டி, அதன் கணக்கீட்டு நேரத்தை அளந்து சேர்ப்பது சிம்கிரிட்டின் எஸ்எம்பிஐ பகுதி மட்டும்தான்.

கடிகாரம் நகர்கிறது, ஆனால் மைக்ரோவிநாடிக் கணக்கில் என்றால் அலகு தவறு. ஒரு ஜிகாஃபிளாப் வேகமுள்ள கணினிக்கு ஆயிரம் ஃபிளாப் என்பது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. கிரிட்சிம்மிலிருந்து சிம்கிரிட்டுக்கு மாறுகிறவர்கள் 3500 என்ற எண்ணை அப்படியே கொண்டுபோவதால் வருவது இது.

அறிகுறி: விடை வருகிறது, நம்பும்படி இல்லை

இங்கேதான் நிதானம் வேண்டும். பிழைச் செய்தி எதுவும் இல்லை. வரைபடமும் அழகாக வருகிறது. நான் முதலில் கேட்பது ஒன்றே: ஒரு பணி, ஒரு கணினி, ஓர் இணைப்பு மட்டும் வைத்து ஓட்டி, காகிதத்தில் போட்ட கணக்கோடு ஒப்பிட்டீர்களா? கிரிட்சிம் எடுத்துக்காட்டில் வரும் 3500 மில்லியன் கட்டளைப் பணியை 377 மிப்ஸ் (விநாடிக்கு மில்லியன் கட்டளைகள்) செயலியில் ஓட்டினால் 9.28 விநாடி வர வேண்டும். வருகிறதா?

வராவிட்டால், வித்தியாசம் எத்தனை மடங்கு என்று பாருங்கள். மடங்கே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டு மடங்கு என்றால் பிட்டும் பைட்டும். சிம்கிரிட்டின் பிளாட்பார்ம் கோப்பில் ஆங்கிலச் சின்ன பி பிட், பெரிய பி பைட். நூறு மெகாபிட் இணைப்பைப் பெரிய பி போட்டு எழுதினால் எண்ணூறு மெகாபிட் ஆகிவிடும், யாரும் தடுக்க மாட்டார்கள்.

கிரிட்சிம்மில் மடங்கு ஆயிரக்கணக்கில் போனால், எடுத்துக்காட்டு நிரலிலிருந்து 560 என்ற எண் உங்கள் நிரலுக்கு வந்துவிட்டது. அது இணைப்பின் வேகம், விநாடிக்கு 560 பிட். எடுத்துக்காட்டில் கோப்பின் அளவு 300 பைட் என்பதால் நாலே கால் விநாடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது, உறுத்துவதில்லை. நீங்கள் கோப்பை ஒரு எம்பி ஆக்கிவிட்டு வேகத்தைத் தொடாமல் விட்டால், கணக்கீடு பத்து விநாடியில் முடியும் பணிக்கு, கோப்பு போய்ச் சேரவே ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும்.

மூன்று மடங்கு என்றால் விஷயம் சுவையானது. மாணவி ஒருவர் ஊட்டியிலிருந்து ஜெனீவாவுக்குத் தரவு அனுப்பும் சோதனை செய்தார். ஒரு ஜிகாபிட் இணைப்பு, ஒருவழித் தாமதம் 50 மில்லிவிநாடி, கோப்பு ஒரு ஜிபி.

"சார், எட்டு விநாடியில் முடிய வேண்டும். இருபத்து நான்கு, இருபத்தைந்து என்று வருகிறது. இணைப்பில் வேறு யாருமே இல்லை."

"தாமதத்தை ஒரு மில்லிவிநாடி ஆக்கிப் பாரம்மா."

எட்டரைக்குள் வந்துவிட்டது. பழி, இணையத்தில் தரவு அனுப்பும் டிசிபி நெறிமுறையின் ஜன்னலின் மேல்: பெற்றேன் என்ற பதில் வருமுன் அனுப்பக்கூடிய தரவின் அளவு அது. சிம்கிரிட் ஒரு ஓட்டத்தின் வேகத்தை, ஜன்னல் அளவைப் போய்வரும் நேரத்தால் வகுத்து வரும் எண்ணுக்கு மேல் விடுவதில்லை. ஜன்னல் இயல்பாக 4194304 பைட், போய்வர 0.1 விநாடி, ஆக விநாடிக்கு 42 எம்பிதான். குழாய் 125 எம்பி அகலம் இருந்தும் பயனில்லை. இது சிமுலேட்டரின் கோளாறே அல்ல. நிஜ உலகிலும் ஜன்னலைச் சரிசெய்யாத தொலைதூர இணைப்பு இப்படித்தான் நடந்துகொள்ளும். நீங்கள் சோதிக்கும் அமைப்பில் ஜன்னல் பெரியது என்றாலோ, பல இணை ஓட்டங்களாகப் பிரித்து அனுப்புவது என்றாலோ மட்டும் டிசிபி காமா என்ற அமைப்பை மாற்றுங்கள். எட்டு விநாடி வர வேண்டும் என்பதற்காக மாற்றாதீர்கள்.

பதின்மூன்று மடங்கு என்றால் சின்னச் செய்திகளைப் பார்க்கிறீர்கள். சிம்கிரிட்டின் இயல்பான எல்வி08 மாதிரி, தாமதத்தை 13.01-ஆல் பெருக்குகிறது, இணைப்பின் வேகத்தில் 0.97 பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. டிசிபி மெதுவாகத் தொடங்கி வேகம் எடுப்பதை, ஒவ்வொரு பொட்டலமாகக் கணக்கிடாமல் ஈடுசெய்யும் ஏற்பாடு அது. பெரிய கோப்புகளுக்குப் பொருந்தும். ஒரு கேபி செய்தி அனுப்பிப் போய்வரும் நேரத்தை அளந்தால் அபத்தமாக இருக்கும். உங்கள் ஆய்வே சின்னக் கட்டுப்பாட்டுச் செய்திகளைப் பற்றியது என்றால், என்எஸ்-3 பொட்டல சிமுலேட்டரோடு இணைத்து ஓட்டுங்கள். மெதுவாகத்தான் ஓடும், வேறு வழியில்லை.

மாறாக, எதிர்பார்த்ததைவிட வேகமாக இருந்தால் தாமதத்தின் எண்ணைப் பாருங்கள். ஒளி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து மைக்ரோவிநாடி எடுக்கிறது. எடுத்துக்காட்டுக் கோப்பிலிருந்து வந்த 50 மைக்ரோவிநாடியை ஊட்டி–கோயம்புத்தூர் இணைப்புக்குப் போட்டிருந்தால், அதற்குள் ஒளி 10 கிலோமீட்டர்தான் போயிருக்கும், குன்னூரைக்கூட எட்டாது. சாலைத் தூரம் சுமார் 85 கிலோமீட்டர் என்று வைத்தாலே 0.4 மில்லிவிநாடிக்குக் குறைய வழியில்லை. நடுவில் இருக்கும் கருவிகளின் தாமதம் அதற்கு மேல்.

அறிகுறி: இடங்களைச் சேர்க்கச் சேர்க்க வேகம் ஏறிக்கொண்டே போகிறது

செயல்திட்ட அறிக்கையில் இந்த நேர்கோட்டைப் பார்த்தால் மாணவருக்கு மகிழ்ச்சி, எனக்குச் சந்தேகம்.

நான்கு ஊர்களுக்கும் கோயம்புத்தூருக்கு நான்கு தனி இணைப்புகள் வரைந்திருப்பார்கள். மலையில் அப்படி இருக்காது. ஊட்டியின் கேபிளும் குன்னூரின் கேபிளும் பர்லியார் வழியாக ஒரே சரிவில் இறங்குகின்றன என்று வைத்துக்கொண்டால், குன்னூர்–மேட்டுப்பாளையம் இணைப்பு இரு ஊர்களின் வழித்தடத்திலும் இடம்பெற வேண்டும். அப்படி எழுதிவிட்டு ஓட்டுங்கள். நேர்கோடு ஓரிடத்தில் படுத்துவிடும். அந்த இடம் எது என்பதுதான் உங்கள் ஆய்வின் விடை.

பொது இணைப்பு போட்டும் படுக்கவில்லையா? இணைப்பின் பகிர்வு முறை 'ஃபேட்பைப்' என்று இருக்கும். அது எத்தனை பஸ் வந்தாலும் எல்லாவற்றுக்கும் முழு அகலம் கொடுக்கும் மலைப்பாதை. நெரிசல் என்பதே கிடையாது. மையத்தில் நெரிசல் வராத பெரிய இணைய முதுகெலும்புக்கு மட்டும் அது சரி. இயல்பான பகிர்வு முறையிலும் ஒரு கண் வேண்டும்: அதில் ஏறும் தரவும் இறங்கும் தரவும் ஒரே கொள்ளளவைப் பங்கிடும். இரு திசையும் தனித்தனி என்றால் அதற்கென உள்ள இருவழிப் பிரிப்பு முறையைப் போடுங்கள்.

பங்கு சமமாக வரவில்லை, கூடலூருக்கு மட்டும் குறைவாக வருகிறது என்று கேட்டால், அது சரிதான். அதன் வழித்தடத்தின் தாமதம் அதிகம். ஒரே நெரிசலில் நிற்கும் டிசிபி ஓட்டங்களில் நீண்ட வழி உள்ளதற்குப் பங்கு குறையும். சிம்கிரிட் அதைக் கணக்கில் எடுக்கிறது.

அறிகுறி: எல்லாப் பணிகளும் கடைசியில் ஒரே நேரத்தில் முடிகின்றன

கிரிட்சிம் வளத்தில் நேரப் பகிர்வைத் தேர்ந்திருக்கிறீர்கள். ஒரே செயலியில் நூறு விநாடிப் பணி இரண்டு கொடுத்தால் இரண்டுமே 200-ஆவது விநாடியில் முடியும். வரிசையில் நிற்கவைக்கும் இடப் பகிர்வில் ஒன்று 100-இல், மற்றது 200-இல். கிளஸ்டரில் வரிசை முறையே வழக்கம். சராசரி முடிவு நேரத்தை ஒப்பிடும் அட்டவணை எழுதும்முன் இதை உறுதிசெய்யுங்கள்.

அறிகுறி: வெள்ளிக்கிழமை ஒரு விடை, சனிக்கிழமை வேறொன்று

கேட்க மாந்திரீகம் போல இருக்கும். கிரிட்சிம் வளத்துக்கு ஒரு நாட்காட்டி உண்டு: உச்ச நேரச் சுமை, மற்ற நேரச் சுமை, விடுமுறைச் சுமை, வார இறுதி எவை, நேர வலயம் எது. சிமுலேஷன் தொடங்கும் தேதியாக இன்றைய தேதியையே கொடுக்கும் வரி எடுத்துக்காட்டு நிரல்களில் இருக்கிறது. சுமைகளுக்குப் பூஜ்யம் தவிர வேறு எண் கொடுத்தவுடன், நீங்கள் எந்த நாளில் ஓட்டினீர்கள் என்பது விடைக்குள் புகுந்துவிடும். தொடக்கத் தேதியை நிரலிலேயே நிலையாக எழுதுங்கள். நேர வலயத்தில் 9 என்று கிடந்தால், அதை 5.5 ஆக்குங்கள்.

சிம்கிரிட் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடைதான் தரும். அதில் மாறினால் உங்கள் நிரலில் கடிகாரத்தை விதையாக (தொடக்க எண்ணாக) கொண்ட சமவாய்ப்பு எண் எங்கோ இருக்கிறது. எதிர்க் குறையும் உண்டு: ஒரே விதையில் ஒருமுறை ஓட்டிவிட்டு அந்த எண்ணை அறிக்கையில் போடுவது. விதைகளை மாற்றிப் பலமுறை ஓட்டி, சராசரியோடு பரவலையும் கொடுங்கள்.

அறிகுறி: இரவு முழுவதும் ஓடியது, விடிந்தால் ஒன்றுமில்லை

தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு யூகலிப்டஸ் மரம் சாய்ந்தால் போதும். யுபிஎஸ் ஆய்வகத்தை மூடும் அளவுக்குத் தாங்குமே தவிர விடிய விடியத் தாங்காது. நூறு அமைப்புகளையும் ஒரே நிரலுக்குள் வளையமாக வைத்து, கடைசியில் ஒரே கோப்பில் எழுதுகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். ஓர் அமைப்புக்கு ஒரு தனி ஓட்டம் என்று பிரியுங்கள். அளவுகளைக் கட்டளை வரியில் கொடுங்கள். விடையை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, ஓட்டம் முடிந்தபின் அமைப்பின் எண்ணும் விதையும் உள்ள பெயருக்கு மாற்றுங்கள். மின்சாரம் திரும்பியதும், இறுதிப் பெயரில் கோப்பு இல்லாத ஓட்டங்களை மட்டும் மறுபடி தொடங்கும் சிறு ஸ்கிரிப்ட் போதும். தனித்தனி ஓட்டங்கள் என்பதால் ஆய்வகத்தின் மற்ற கணினிகளுக்கும் அவற்றைப் பிரித்துக் கொடுக்கலாம்.